டர்போ வண்டியின் புகைக்குழாய்: மாற்றுமுன் அறிய வேண்டியவை

மோட்டார் வண்டியின் எஞ்சினில் எரியும் எரிபொருளின் வெப்பம் முழுவதும் சக்கரங்களுக்குப் போய்ச் சேருவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு குளிர்விக்கும் நீரின் வழியாகவும் எஞ்சினின் உடலிலிருந்தும் வெளியேறிவிடுகிறது. எஞ்சிய பங்கு கழிவு வாயுவோடு சேர்ந்து புகைக்குழாயின் வழியே வீணாகிறது. இவ்வாறு வீணாகும் வெப்பத்தில் ஒரு சிறு பகுதியைத் திரும்பப் பெற்று எஞ்சினுக்கே உதவச் செய்யும் சாதனம் டர்போசார்ஜர் ஆகும். வழக்கில் இதனை டர்போ என்பர்.

சாதாரண வண்டியின் புகைக்குழாயைக் கழிவுநீர் ஓடும் கால்வாய்க்கு ஒப்பிடலாம். டர்போ பொருத்திய வண்டியிலோ அது ஆலைச் சக்கரத்துக்கு நீரைக் கொண்டுவந்து, சக்கரத்தைச் சுழற்றியபின் அந்நீரை வெளியே கொண்டுபோகும் வாய்க்காலை ஒத்தது. வாய்க்காலை அகலப்படுத்தினால் சக்கரத்தின் வேகமும் மாறும். ஆலையின் வேலையும் மாறும். இந்த ஓர் உண்மையை மனத்திற்கொண்டால் டர்போ வண்டியின் புகைக்குழாயைப் பற்றிய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும்.

இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய டர்போ வண்டிகளில் புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டையாவது இயல்பு. புதிய குழாய் போட வேண்டிய வேளையில், "இன்னும் பெரிய குழாயாகப் போட்டால் சக்தி கூடும்" என்று ஒருவர் சொல்வார். "எஞ்சினுக்குப் பின்னழுத்தம் தேவை; பெரிய குழாய் கூடாது" என்று மற்றொருவர் தடுப்பார். இரு கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. இரண்டும் முழு உண்மை அல்ல. அளவறியாமல் செய்த மாற்றத்தால் பிஸ்டன் உருகிய எஞ்சின்களும் உண்டு. கசியும் விஷவாயுவால் உயிருக்கே கேடு நேர்வதும் உண்டு. ஆதலின் இதன் அடிப்படையைச் சற்று விரிவாகக் காண்போம்.

டர்போவின் வரலாறும் அமைப்பும்

கழிவு வாயுவால் ஒரு டர்பைனைச் சுழற்றி, அதனைக் கொண்டு எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தலாம் என்னும் கருத்துக்கு 1905-ல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலார் ஆல்ஃபிரட் பியூகி. கப்பல்களின் பெரிய டீசல் எஞ்சின்களிலும் பின்னர் லாரிகளிலும் இச்சாதனம் இடம்பெற்றது. விற்பனைக்கு வந்த கார்களில் இது முதன்முதலாக 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், ஷெவர்லே கார்வேர் ஆகியவற்றில் பொருத்தப்பட்டது. ஐரோப்பாவில் 1973-ல் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போவும், பின்னர் போர்ஷே 911 டர்போவும், 1970-களின் இறுதியில் ஸ்வீடனின் சாப் 99 டர்போவும் வெளிவந்தன. நம் நாட்டில் 1998-ல் வந்த டாட்டா சஃபாரி, 2002-ல் வந்த மகிந்திரா ஸ்கார்ப்பியோ போன்ற டீசல் வண்டிகளின் மூலம் டர்போ என்னும் சொல் பலருக்கும் பழக்கமாயிற்று.

டர்போவின் அமைப்பு எளியது. ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரு சிறு சக்கரங்கள் உள்ளன. ஒரு முனையில் டர்பைன். எஞ்சினிலிருந்து பீறிட்டு வரும் கழிவு வாயு இதனைச் சுழற்றுகிறது. மறுமுனையில் கம்ப்ரஸர், இது வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் செலுத்துகிறது. பெட்ரோல் எஞ்சினில் முழு வேகத்தின்போது டர்பைனை அடையும் வாயுவின் உஷ்ணநிலை 900 டிகிரி சென்டிகிரேடை எட்டக்கூடும். தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். இத்தகைய வேகத்தில் சுழலும் தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே.

காற்று அளவுக்கு மீறி அழுத்தப்படாமல் தடுக்க வேஸ்ட்கேட் எனப்படும் ஒரு சிறு கதவு உண்டு. கம்ப்ரஸரின் அழுத்தம் குறித்த அளவை எட்டியதும், அவ்வழுத்தமே ஒரு வில்லை எதிர்த்துத் தள்ளி இக்கதவைத் திறக்கிறது. அப்போது கழிவு வாயுவில் ஒரு பகுதி டர்பைனைத் தொடாமல் பக்க வழியே சென்றுவிடும். டர்பைனின் வேகம் மேலும் ஏறாது.

சாப் 99 டர்போவை இக்கட்டுரையில் உதாரணமாகக் கொள்வோம். சாப் கார்களின் உற்பத்தி 2011-ல் நிதி நெருக்கடியால் நின்றுபோயிற்று. நம் நாட்டில் இவ்வண்டியைக் காண்பது அரிதாயினும், மின்னணுக் கட்டுப்பாடு எதுவுமின்றி அனைத்தும் கண்ணால் காணக்கூடிய விதத்தில் அமைந்திருந்ததால் விளக்கத்துக்கு இது ஏற்றது. இதன் எஞ்சின் 1985 கன சென்டிமீட்டர் அளவுள்ளது. நான்கு சிலிண்டர்கள் கொண்டது. டர்போவின் துணையால் 145 குதிரைச் சக்தி தந்தது. காற்று வெளியழுத்தத்துக்கு மேல் சுமார் 0.7 வளிமண்டல அளவுக்கு அழுத்தப்பட்டது. அழுத்திய காற்றைக் குளிரச் செய்யும் இன்டர்கூலர் இதில் இல்லை.

பின்னழுத்தமும் அழுத்த விகிதமும்

டர்பைன் சுழல்வது வாயு சூடாக இருப்பதால் மட்டும் அன்று; டர்பைனுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டாலேயே அது சுழல்கிறது. முன்னுள்ள அழுத்தத்தைப் பின்னுள்ள அழுத்தத்தால் வகுத்தால் வருவது அழுத்த விகிதம். டர்பைன் எவ்வளவு வேலை செய்யும் என்பதை இவ்விகிதமே பெரிதும் நிர்ணயிக்கிறது.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். துருவேறிய பழைய சைலன்சர் ஒன்று வாயுவைத் தடுப்பதால், டர்பைனுக்குப் பின்னுள்ள அழுத்தம் 1.4 வளிமண்டலம் என்று கொள்வோம். எஞ்சினுக்கும் டர்பைனுக்கும் இடையில் உள்ள அழுத்தம் 2.2 என்க. விகிதம் 2.2-ஐ 1.4-ஆல் வகுக்க 1.57 ஆகும். இப்போது தடையற்ற புதிய குழாயைப் பொருத்தினோம்; பின்னழுத்தம் 1.1 ஆகக் குறைந்தது. டர்பைன் முன்பு செய்த அதே வேலையைச் செய்ய அதே 1.57 விகிதம் போதும். எனவே முன்னே தேவைப்படும் அழுத்தம் 1.1-ஐ 1.57-ஆல் பெருக்க வரும் 1.73 மட்டுமே.

பின்புறம் நாம் குறைத்தது 0.3. முன்புறம் குறைந்ததோ 0.47. டர்பைனுக்குப் பின்னே நீக்கிய தடை, முன்னே பெருகிப் பயன் தருகிறது. எஞ்சின் தன் கழிவு வாயுவை வெளியே தள்ளப் பிஸ்டனுக்கு இருந்த சுமை குறைகிறது. சிலிண்டரில் தேங்கி நிற்கும் சூடான பழைய வாயுவும் குறைகிறது. வண்டி மெதுவாகச் செல்லும்போதே டர்போ விரைவில் வேகமெடுக்கிறது. சாதாரண வண்டியைவிட டர்போ வண்டியில் குழாய் மாற்றம் அதிகப் பலன் தருவதன் காரணம் இதுவே.

இனி, பின்னழுத்தம் தேவை என்னும் கூற்றை ஆராய்வோம். டர்போ இல்லாத எஞ்சினில் குழாயின் நீளமும் விட்டமும் குறித்த அளவில் இருந்தால், வாயுவின் அழுத்த அலைகள் திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு சிலிண்டரை நன்றாகக் காலி செய்யலாம். அளவுக்கு மீறிப் பெரிய குழாயில் வாயுவின் வேகம் குறைந்து, குறைந்த சுற்றுகளில் இந்தப் பலன் கெட்டுவிடும். அங்கும் நன்மை செய்வது அலைகளின் ஒழுங்கே அன்றிப் பின்னழுத்தம் அன்று. டர்போ வண்டியிலோ டர்பைன் அந்த அலைகளைப் பெருமளவு உடைத்துவிடுகிறது. ஆகவே டர்பைனுக்குப் பின்னுள்ள குழாயைப் பொறுத்த வரையில் பின்னழுத்தம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பதே பொது விதி. டர்பைனுக்கு முன்னுள்ள குழாய்க்கு இவ்விதி பொருந்தாது. அங்கே குழாயைப் பெரிதாக்கினால் வாயு விரிந்து, வேகமும் வெப்பமும் இழந்து, டர்போ மந்தமாகிவிடும்.

எவ்வளவு பெரிய குழாய் போதும்?

145 குதிரைச் சக்தி தரும் பெட்ரோல் எஞ்சின் முழுச் சுமையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 கிலோகிராம் கழிவு வாயுவை வெளியேற்றும். டர்பைனைக் கடந்த இடத்தில் உஷ்ணநிலை 700 டிகிரி என்று கொண்டால், இவ்வாயுவின் பருமன் நிமிடத்துக்கு 19 கன மீட்டர் அளவில் இருக்கும். உள்விட்டம் 50 மில்லிமீட்டர் உள்ள குழாயில் இது விநாடிக்குச் சுமார் 164 மீட்டர் வேகத்தில் ஓடும். 63 மில்லிமீட்டர் குழாயில் வேகம் 103 மீட்டர். 75 மில்லிமீட்டர் குழாயில் 73 மீட்டர்.

வளைவுகளிலும் இணைப்புகளிலும் ஏற்படும் அழுத்த இழப்பு வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி மாறும். 50 மில்லிமீட்டர் குழாயின் இழப்பை 100 என்று வைத்தால், 63 மில்லிமீட்டரில் அது 40 ஆகிறது; 75 மில்லிமீட்டரில் 20 ஆகிறது. முதல் படியில் 60 பங்கு மிச்சம். இரண்டாம் படியில் 20 பங்கே மிச்சம். அந்த 20 பங்குக்காகக் குழாய் வண்டியின் தரையோடு உரசும், அச்சில் இடிக்கும், இரைச்சல் மிகும், பளுவும் செலவும் கூடும். இத்தகைய எஞ்சினுக்கு 63 மில்லிமீட்டர் அளவு நியாயமானது என்பதைக் கணக்கே காட்டுகிறது. வேறு எஞ்சினுக்கு அதன் சக்தியை ஒட்டி இக்கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

குழாயின் விட்டத்தைப் போலவே அதன் வளைவும் முக்கியம். மணல் நிரப்பாமலோ உரிய அச்சு இல்லாமலோ வளைத்த குழாய் வளைவில் நசுங்கிவிடும். 63 மில்லிமீட்டர் குழாய் ஓரிடத்தில் 50 ஆக நசுங்கினால், அவ்விடத்தில் அது 50 மில்லிமீட்டர் குழாயே.

எஞ்சினுக்கு நேரும் அபாயம்

இதுவரை கூறியது நன்மை. இனி வருவதே கவனத்துக்குரியது. பின்னழுத்தம் குறைந்ததும் டர்பைனின் அழுத்த விகிதம் உயர்கிறது என்று கண்டோம். இப்போது டர்பைன் அதிகமாகச் சுழலாமல் இருக்க, வேஸ்ட்கேட் முன்னைவிட அதிக வாயுவைப் பக்க வழியே விட வேண்டும். பழைய டர்போக்களில் அக்கதவின் துவாரம், பழைய குழாயின் தடையையும் கணக்கிட்டே அமைக்கப்பட்டது. கதவு முழுவதும் திறந்த பின்னும் வாயு போதிய அளவு வெளியேற முடியாவிட்டால், எஞ்சினின் சுற்று ஏற ஏறக் காற்றழுத்தமும் கட்டுக்கடங்காமல் ஏறும். ஓட்டுநரோ எந்தத் திருகையும் திருப்பவில்லை. குழாயை மட்டுமே மாற்றினார். ஆயினும் 0.7 ஆக இருந்த அழுத்தம் 1.0 ஆகிவிடலாம்.

இதனால் இரு கேடுகள் விளையும். முதலாவது, காற்றின் சூடு. 30 டிகிரி வெளிக்காற்றை 0.7 அளவுக்கு அழுத்தினால், சாதாரணக் கம்ப்ரஸரில் அது ஏறத்தாழ 106 டிகிரிக்கு ஏறும். 1.0 அளவுக்கு அழுத்தினால் 132 டிகிரியாகும். இன்டர்கூலர் இல்லாத வண்டியில் இச்சூடான காற்றே சிலிண்டருக்குள் செல்கிறது. அங்கே தீப்பொறியால் தொடங்கிய சுடர் பரவுமுன், மூலையில் உள்ள எரியாத கலவை தானே வெடித்துவிடும். இதுவே பட்டறையில் நாக்கிங் எனப்படுவது. சில விநாடிகள் நீடித்தாலும் பிஸ்டனின் தலையும் வளையங்களுக்கு இடைப்பட்ட பகுதியும் சிதையலாம்.

இரண்டாவது, எரிபொருள் பற்றாமை. சாப் 99 டர்போவில் இருந்த இயந்திர முறை எரிபொருள் ஊட்டியில், உள்ளே செல்லும் காற்று ஒரு தட்டை உயர்த்தும்; அத்தட்டின் உயரமே எரிபொருளின் அளவை நிர்ணயிக்கும். தட்டு தன் எல்லையை எட்டிய பின் காற்று கூடினாலும் எரிபொருள் கூடாது. கலவை மெலியும், வெப்பம் ஏறும், நாக்கிங் வலுக்கும். இதை உணர்ந்தே சாப் நிறுவனத்தார் அழுத்தம் மிகுந்தால் எரிபொருள் பம்பை நிறுத்தும் ஒரு சுவிட்சைப் பொருத்தினர். 1980-களின் தொடக்கத்தில், நாக்கிங்கைக் கேட்டறிந்து அழுத்தத்தைத் தானே குறைக்கும் மின்னணு முறையையும் புகுத்தினர். வண்டி திடீரெனச் சக்தி இழந்து குலுங்குகிறது என்பதற்காக இத்தகைய காப்புச் சுவிட்சைத் துண்டித்துவிடுவோர் உண்டு. அது, அடிக்கும் அபாய மணியின் நாக்கைப் பிடுங்குவதற்கு ஒப்பாகும்.

டீசல் வண்டியின் நிலை சற்று வேறு. அதில் காற்று கூடினால் கலவை குளிர்ந்தே எரியும். எனவே பெட்ரோல் எஞ்சினைப் போன்ற நாக்கிங் அபாயம் இல்லை. நல்ல புகைக்குழாய் டீசல் எஞ்சினின் கழிவு வாயுச் சூட்டைக் குறைக்கும். ஆனால் டர்போ தன் எல்லைக்கு மேல் சுழல்வது அங்கும் நேரலாம். குழாயை மாற்றிய கையோடு பம்பின் திருகையும் திருப்பி எரிபொருளைக் கூட்டினால், கரும்புகையும் மிகுந்த வெப்பமும் விளைந்து பெற்ற நன்மை பறிபோகும்.

வினையூக்கி மாற்றியும் சைலன்சரும்

1995 முதல் நம் நாட்டின் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாக்கப்பட்டது. ஈயம் கலவாத பெட்ரோலும் அதனோடு வந்தது. பிளாட்டினம் இனத்து உலோகங்கள் பூசிய தேன்கூடு போன்ற இவ்வமைப்பு, கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவற்றைத் தீங்கற்ற பொருள்களாக மாற்றுகிறது. சுமார் 250 முதல் 300 டிகிரிக்குச் சூடேறிய பின்னரே இது வேலை செய்யத் தொடங்கும். ஆகவே இதனைப் பழைய இடத்திலிருந்து பின்னே தள்ளி வைத்தல் கூடாது.

பழைய வண்டியில் இம்மாற்றி உருகியோ உடைந்தோ அடைபட்டிருந்தால், அதுவே பெரும் பின்னழுத்தத்துக்குக் காரணமாகும். அந்நிலையில் செய்ய வேண்டியது அதனை அகற்றி வெறும் குழாயை வைப்பதன்று. அவ்வளவு வாயுவுக்கு ஏற்ற புதிய மாற்றியைப் பொருத்துவதே. அது ஏன் உருகியது என்பதையும் கண்டறிய வேண்டும். தீப்பொறி தவறிய சிலிண்டரிலிருந்து வந்த எரியாத பெட்ரோலே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

டர்பைன் தானே ஓரளவு ஒலியை அடக்குவதால், டர்போ வண்டிக்குத் துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்த சைலன்சரே பெரும்பாலும் போதும். இதில் வாயுவுக்குத் தடை குறைவு, ஒலியும் அடங்கும். ஆயினும் நடுவில் உள்ள சிறு சைலன்சரை வீணென்று எண்ணி வெட்டிவிட்டால், குறித்த ஒரு வேகத்தில் வண்டிக்குள் ஓயாத ரீங்காரம் எழும். நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு அது தலைவலியும் களைப்பும் தரும். இரைச்சல் கூடினால் சக்தி கூடியது என்று எண்ணுவது மயக்கமே.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு பிராணவாயு சேர்வதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இது சேர்கிறது. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க இடமின்றிப் போகிறது. தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகியவை முறையே தோன்றும். இவற்றை வெயிலின் களைப்பு என்றோ பயண அலுப்பு என்றோ எண்ணிவிடுவதுதான் ஆபத்து.

குழாயை மாற்றும்போது அதன் முனையை வண்டியின் அடியிலேயே நிறுத்திவிடுவது ஒரு பெரும் பிழை. ஓடும் வண்டியின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைந்திருக்கும். அங்கே சுழலும் வாயு, இற்றுப்போன தரைத் தகட்டின் ஓட்டைகள் வழியாகவும் திறந்த பின்கதவின் வழியாகவும் உள்ளே இழுக்கப்படும். குழாயின் முனை வண்டியின் உடலைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும். பழைய வண்டியில் குழாயை மாற்றுமுன் தரைத் தகட்டையும் பின்கதவின் ரப்பர் பட்டையையும் சோதித்தல் அவசியம். மூடிய ஷெட்டினுள் எஞ்சினை ஓட்டிச் சோதித்தல் அறவே கூடாது.

வேலையின் ஒழுங்குமுறை

முதலில் அளவிடுக, பின்னர் வெட்டுக. டர்பைனுக்குப் பின்னே உள்ள பிராணவாயு உணர்கருவியைக் கழற்றி, அத்துளையில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தினால் பின்னழுத்தம் தெரியும். எஞ்சின் சும்மா ஓடும்போது இது சதுர சென்டிமீட்டருக்கு 0.1 கிலோகிராமுக்கு மேலும், 2500 சுற்றில் 0.2-க்கு மேலும் காட்டினால் குழாயில் அடைப்பு உண்டு எனக் கொள்ளலாம். அடைப்பு இல்லாவிட்டால், புதிய குழாயால் பெரும் மாற்றத்தை எதிர்பார்ப்பதற்கு இல்லை. காற்றழுத்தத்தைக் காட்டும் மானி ஒன்றையும் பொருத்தி, மாற்றத்துக்கு முன் உள்ள அளவைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து டர்போவைச் சோதிக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் தண்டைக் கையால் அசைத்துப் பார்த்தால், சக்கரம் கூட்டின் சுவரில் உராயக் கூடாது. நீலப்புகை வருமாயின் எண்ணெய் கசிகிறது என்று பொருள். தேய்ந்த டர்போவுக்குப் புதிய குழாய் மருந்தாகாது.

பல்லாண்டு வெப்பத்தில் இறுகிய ஸ்டட்களை வலிந்து திருகினால் முறிந்துவிடும். ஊடுருவும் எண்ணெயை முந்திய நாளே இட்டு ஊறவிட்டு, நட்டைச் சூடாக்கிக் கழற்றுவதே முறை. டர்பைனுக்கு முன்னுள்ள வார்ப்பிரும்புப் பகுதியில் விரிசல் இருந்து வெல்டிங் செய்தால், உள்ளே ஒட்டிய உலோகத் துணுக்குகளை முற்றும் அகற்ற வேண்டும். லட்சம் சுற்றில் சுழலும் சக்கரத்தை ஒரு சிறு துணுக்கும் உடைத்துவிடும்.

வெப்ப விரிவை மறத்தலாகாது. மூன்று மீட்டர் நீள இரும்புக் குழாய் 400 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் நீளும். துருப்பிடிக்காத எஃகின் ஒரு வகையான 304 எஃகு 20 மில்லிமீட்டர் நீளும். குழாயை இறுக்கிப் பிணைத்துவிட்டால் இவ்விரிவு இணைப்புகளையும் டர்போவின் கூட்டையும் பிளக்கும். ஆதலின் டர்போவை அடுத்து ஒரு நெகிழ் இணைப்பும், வழிநெடுக ரப்பர்த் தாங்கிகளும் வேண்டும். குழாயின் பளு டர்போவின் மேல் தொங்கக் கூடாது.

பிராணவாயு உணர்கருவி பழைய தூரத்திலேயே இருக்க வேண்டும். அதற்கு முன்னே மயிரளவு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உட்புகுந்து, கலவை மெலிந்தது என்று கருவி தவறாகக் காட்டும்; எரிபொருள் வீணே மிகும். வேலை முடிந்ததும், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அதனை ஓட்டி, ஒருவர் குழாயின் முனையைத் தடித்த ஈரத்துணியால் கணநேரம் அடைக்க, மற்றொருவர் இணைப்புகளில் சோப்பு நீரைப் பூசிக் குமிழி தோன்றுகிறதா என்று பார்க்கலாம். இதைத் திறந்த வெளியில் மட்டுமே செய்ய வேண்டும்.

இறுதியாக ஓட்டிப் பார்த்தல். முதலில் பாதி விசையில் ஓட்டி, அழுத்தமானியைக் கவனித்து, சிறிது சிறிதாகச் சுற்றை ஏற்ற வேண்டும். அழுத்தம் பழைய அளவைத் தாண்டினால் உடனே விசையைத் தளர்த்திவிட வேண்டும். வேஸ்ட்கேட்டின் துவாரத்தைத் தகுந்த பட்டறையில் பெரிதாக்கும் வரையில் அவ்வண்டியை வேகமாக ஓட்டலாகாது. மானியை ஓட்டுநர் பார்க்காமல், உடன் அமர்ந்தவர் பார்த்துச் சொல்வதே பாதுகாப்பு.

சட்டம் கூறுவது

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் புகைக்குழாயைப் பற்றித் தெளிவாகக் கூறுகின்றன. கார் போன்ற வண்டிகளின் கழிவு வாயு கீழ்நோக்கியோ இடப்புறமாகவோ வெளியேறக் கூடாது. பின்புறமாகவோ வலப்புறமாகவோ செல்ல வேண்டும். புகைக்குழாய்க்கும் எரிபொருள் குழாய்க்கும் இடையே 35 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும். ஒலியை இயன்ற மட்டும் குறைக்கும் சைலன்சர் ஒவ்வொரு வண்டியிலும் இருத்தல் வேண்டும். புகைச் சோதனைச் சான்றிதழும் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்றும் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஒலி, புகை ஆகியவற்றின் வரம்பை மீறுவோருக்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மூன்று மாதம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் தடைபடும். தனியார் வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுக்குப் பின் புதுப்பிக்கப்படும்போது வண்டி நேரில் சோதிக்கப்படும் என்பதும் பழைய வண்டி வைத்திருப்போர் நினைவிற்கொள்ள வேண்டியது.

வகுப்பறைக்கு ஒரு சோதனை

பின்னழுத்தத்தின் தன்மையை மாணவர்களுக்கு எளிதில் காட்டலாம். இருபுறமும் திறந்த அகன்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்றின் நடுவே, கம்பியில் சுழலும் சிறு காகிதக் காற்றாடியைப் பொருத்துக. ஒரு முனையில் வாயை வைத்து ஊதினால் காற்றாடி வேகமாகச் சுழலும். மறுமுனையைச் சிறு துளையிட்ட அட்டையால் மூடி, முன்போலவே ஊதுக. ஊதும் சிரமம் கூடும்; காற்றாடியின் வேகமோ குறையும். துளையைப் படிப்படியாகப் பெரிதாக்கிச் சோதித்தால், முதலில் வேகம் நன்கு ஏறுவதையும், ஓர் அளவுக்கு மேல் துளையைப் பெரிதாக்கினாலும் வேகம் அவ்வளவாக ஏறாததையும் காணலாம். நாம் மேலே போட்ட குழாய்க் கணக்கின் உட்பொருள் இதுவே.

முடிவாகக் கூற வேண்டியது ஒன்று. டர்போ வண்டியின் புகைக்குழாய் தனித்து நிற்கும் உறுப்பன்று. அதனை மாற்றுவது காற்றையும் எரிபொருளையும் வெப்பத்தையும் ஒருங்கே மாற்றுவதாகும். அடைப்பை நீக்கி, கணக்கிட்ட அளவில் குழாயைப் பொருத்தி, வினையூக்கி மாற்றியையும் சைலன்சரையும் காத்து, அழுத்தத்தைப் பழைய வரம்பிலேயே நிறுத்தினால், பழைய எஞ்சின் இலேசாகவும் குளிர்ச்சியாகவும் நெடுநாள் உழைக்கும். அழுத்தமானியைப் பொருத்தாமல் குழாயை மட்டும் மாற்றுபவர், தம் எஞ்சினுக்கு நேர்வதை அது நேர்ந்த பின்னரே அறிவார்.